ஸ்பெயின் தலை

ஆறு வருஷம் ஸ்பெயினில் கீரை அறுத்துவிட்டு சப்ரி ஊருக்கு வந்தபோது அவனோடு ஒரு பழைய நீலக் காரும், ஒரு பெரிய டிவிப் பெட்டியும், வேற்றூர்த் தலை ஒன்றும் வந்து சேர்ந்தன. காரையும் டிவியையும் ஊர் ஒரே நாளில் பார்த்து முடித்துவிட்டது. தலையைப் பார்த்துத்தான் வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

எங்கள் ரொடோபி மலையில் ஆமாம் என்றால் தலை இடமும் வலமும் ஆடும். இல்லை என்றால் மேலும் கீழும் அசையும். பிள்ளைகள் பேச்சு வருவதற்கு முன்பே இதைப் படித்துவிடுவார்கள். மற்ற தேசங்களில் இது அப்படியே தலைகீழ் என்று வெளியே போய் வந்தவர்கள் சொல்வதுண்டு. அது மற்ற தேசங்களின் கோளாறு என்று நாங்கள் விட்டுவிடுவோம். சப்ரி அந்தக் கோளாறோடு வந்து இறங்கியிருந்தான்.

காபிக்கடையில் ருஷேன், "இன்னொரு காபி ஊத்தட்டுமாடா?" என்று கேட்டார். சப்ரி மேலும் கீழும் ஆட்டினான். ருஷேன் பாத்திரத்தோடு திரும்பிப் போய்விட்டார். அவன் காலிக் கோப்பையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். முடிவெட்டுகிறவன், "காதுக்கு மேல வழிச்சிரவா?" என்றதற்கு, வேண்டாம் என்று நினைத்து இடமும் வலமும் ஆட்டியிருக்கிறான். வழித்துவிட்டான். அன்றைக்கு வெளியே வந்த சப்ரியின் காது இரண்டும் கதவு திறந்தாற்போல நின்றன. ஊர் அவனுக்கு ஸ்பெயின் தலை என்று பேர் வைத்தது.

ஒரேயடியாக ஸ்பெயின் தலை என்றாலாவது பழகிக்கொள்ளலாம். தூக்கக் கலக்கத்திலும் கோபத்திலும் அவனுக்குப் பழைய தலை திரும்பி வந்துவிடும். எந்த நேரத்தில் எந்தத் தலை இருக்கிறது என்று அவன் பெண்டாட்டி ஹத்தீஜேவுக்கே தெரியவில்லை. அவள் அவனிடம் எதைக் கேட்டாலும், "வாயால சொல்லு" என்று சேர்த்துக் கேட்கப் பழகியிருந்தாள். கேட்க வேண்டிய ஒரு நாளில் கேட்காமல் விட்டாள்.

அது மே மாதம். புகையிலை நாற்றுப் பிடுங்கி நடுகிற காலம். முந்தின நாள் சாயங்காலம் ஹத்தீஜே வீட்டுக்குப் பின்னால் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சப்ரி வேலியில் சாய்ந்து நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பெட்டிய இன்னும் கார்லேருந்து இறக்கலையே நீ" என்றாள்.

"எதுக்கு இறக்கணும்? ஞாயித்துக்கெழம கிளம்பணும்ல."

"சரி, போயிட்டு வா. அடுத்த தரம் வர்றப்பவாச்சும் இறக்கு."

"நீயும் வான்னுதான் சொல்றேன். பிள்ளைங்களோட. வீடு பாத்து வச்சிருக்கேன். வாசல்ல நின்னா பள்ளிக்கூடம் தெரியும்."

"வந்து நான் என்ன பண்ண? உன்கூடக் குனிஞ்சு கீரை அறுக்கவா? இங்க என் பொகையிலைக்குக் குனியறேன், போதும்."

"பொகையிலயாம் பொகையில. அத வாங்குறவன் வருஷா வருஷம் உன் தலையில மொளகா அரைக்கிறான். நீயும் காட்டிட்டு உக்காந்திருக்க."

"அரைக்கட்டும். அரைக்கிறவன் மொகமாச்சும் எனக்குத் தெரியும். அங்க யாரு அரைக்கிறான்னுகூட எனக்குத் தெரியாது."

சப்ரி சிரிக்கவில்லை. சிகரெட்டை வேலிக்கம்பில் தேய்த்து அணைத்தான்.

"வந்து இறங்கின அன்னிக்கு எல்மி என்னய மாமான்னு கூப்பிட்டா. தெரியுமா உனக்கு? நான் பெத்த பொண்ணு. 'மாமா, அம்மா வயல்ல இருக்காங்க'ன்னு சொல்றா. ஃபெரத்து பக்கத்துல நின்னுக்கிட்டு, 'அது நம்ம அப்பாடி'ன்னு அவளுக்குச் சொல்லித் தர்றான். நான் டிவிப் பெட்டியத் தூக்கிட்டு வாசல்ல நிக்கிறேன்."

ஹத்தீஜேவுக்கு அது தெரியாது. அவள் பூவாளியைக் குழாயடியில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்தின் அடியிலேயே ஒரு பயமும் வந்தது. பயம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"சப்ரி. என்னய விட்டுட்டு பிள்ளைங்கள மட்டும் கூட்டிட்டுப் போயிருவியா?"

சப்ரி அவளைப் பார்த்தான். பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டினான். மெதுவாக, இரண்டு தரம்.

எங்கள் மலையில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். பூவாளி நிரம்பி வழிந்து ஹத்தீஜேவின் காலில் ஊற்றியது. குழாயை மூடத் தோன்றவில்லை. அப்புறம்தான் இவனுடையது ஸ்பெயின் தலை என்று நினைவு வந்தது. அங்கே அது இல்லை என்றல்லவா ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாயால் சொல் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சண்டை வரும், இருக்கப்போகிற சில நாளில் சண்டை எதற்கு என்று குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தானே விடுவதாக சப்ரி சொன்னான். ஃபெரத்துக்குப் பத்து வயது, எல்மிக்கு ஏழு. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான் என்றாலும் அப்பா காரில் போவதென்றால் யாருக்குத்தான் பிடிக்காது. எல்மி தன் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஃபெரத் அவளை இழுத்துப் பின்னால் போட்டான். ஹத்தீஜே இருவர் பையிலும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்து அனுப்பிவிட்டு வயலுக்குப் போனாள்.

வயல் பள்ளிக்கூடத்துக்கு மேலே சரிவில் இருக்கிறது. சப்ரியின் தங்கை அஸியே முன்னால் நடந்து முளைக்குச்சியால் குழி குத்திக்கொண்டு போனாள். ஹத்தீஜே பின்னால் குனிந்து குழிக்கொரு நாற்றாக வைத்து, மண்ணை விரலால் அமுக்கி, தகர டப்பாவால் ஒரு வாய் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தாள். மேகம் போட்டிருந்தது. நாற்று நட மேகம் போட்ட நாள்தான் நல்லது. வெயில் அடித்தால் நட்டதெல்லாம் சாயங்காலத்துக்குள் கழுத்தைத் தொங்கப் போட்டுவிடும்.

"அண்ணன் மூஞ்சி சரியில்ல மதினி" என்றாள் அஸியே. "காலைல கார்ல போறப்பக் கைகாட்டினேன். பாக்காத மாதிரி போறான்."

"காது வெளிய நிக்கிறதுல வெக்கமா இருக்கும்."

"ஏன் மதினி, பேசாம நீயும் கூடப் போயேன். இந்தச் சரிவுல முதுகு ஒடிச்சு என்னத்தக் கண்ட?"

"உனக்கு இந்த வயலு வேணும்னா நேரா கேளு. என்னய எதுக்கு நாடு கடத்துற?"

அஸியே சிரித்துக்கொண்டே அடுத்த குழியைக் குத்தினாள். கீழே பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தது.

அந்த மணிக்கு ஹத்தீஜே நிமிர்வது வழக்கம். முதுகை நிமிர்த்துகிற சாக்கில் கீழே மைதானத்தில் சிவப்புத் தொப்பியைத் தேடுவாள். தொப்பி ஒரு சுற்று ஓடி வந்து, மேலே பார்த்துக் கையை ஆட்டும். இவளும் மண் கையை ஆட்டிவிட்டு மறுபடி குனிவாள். அன்றைக்கும் நிமிர்ந்தாள். பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். பந்து உருண்டது. சிவப்புத் தொப்பி வரவில்லை.

"எல்மியக் காணோம்."

"உள்ள உக்காந்திருப்பா."

"ஃபெரத்தையும் காணோம். பந்து கெடக்குது, அவன் இல்ல."

ஹத்தீஜே நாற்றுக் கூடையை வரப்பில் வைத்துவிட்டு இறங்கினாள். முதலில் நடந்தாள். பாதிச் சரிவில் ஓட ஆரம்பித்துவிட்டாள். ஏன் ஓடுகிறோம் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

டோன்கா டீச்சர் வாசற்படியில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். நல்ல மனசு, பிள்ளைகளை அடிக்க மாட்டாள்.

"என்ன ஹத்தீஜே, ஓடியாற? கடல்லேருந்து அதுக்குள்ள போன் வந்துருச்சா?"

"எந்தக் கடல் டீச்சர்?"

டோன்காவின் கை தேநீரோடு பாதியில் நின்றது.

"சப்ரி வந்தாரே காலைல. 'பிள்ளைங்க கடலே பாத்ததில்ல டீச்சர், நான் ஞாயித்துக்கெழம போயிருவேன், இந்த ஒரு நாள் மட்டும் விடுங்க, கடலக் காட்டிட்டுக் கொண்டாந்து விட்டுர்றேன்'னாரு. எனக்கும் மனசு கேக்கல. எப்பவோ ஒரு தரம் வர்ற மனுஷன். எல்மி ஒரு கால்ல குதிக்கிறா. 'ஹத்தீஜேவுக்குத் தெரியுமா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"தெரியும்னாரு."

"தலையாலயா, வாயாலயா?"

"வாயாலதான். அவரு தலை கதை எனக்குந்தான் தெரியுமே. அதனாலதான் வாயத் தொறந்து சொல்லுங்கன்னு கேட்டு வாங்கினேன். 'நல்லாத் தெரியும்'னு சொன்னாரு ஹத்தீஜே. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

ஹத்தீஜே உள்ளே போய்ச் சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. கையில் மண் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் ஆடிய அந்தத் தலை இடமும் வலமும் கண்முன்னால் ஆடிக்கொண்டே இருந்தது. ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறான். எங்கள் ஊர்த் தலையால், எங்கள் ஊர் அர்த்தத்தில், முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறான். நான்தான் அதை ஸ்பெயினுக்கு அனுப்பி இல்லை என்று மாற்றிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"பெட்டி கார்லயே இருக்கு டீச்சர். வந்ததுலேருந்து இறக்கல. பிள்ளைங்க பாஸ்போர்ட்டும் அவன் பைலதான் இருக்கு. போன வருஷம் எல்லாருமாப் போறதா இருந்தப்ப எடுத்தது."

டோன்கா தேநீரைக் கீழே வைத்துவிட்டு மூலையில் போய் அழ ஆரம்பித்தாள். அழுகிற டீச்சரைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

ஹத்தீஜே அழவில்லை. சப்ரியின் கைப்பேசிக்குப் போட்டாள். நீங்கள் அழைப்பவர் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் மிக மரியாதையாகச் சொன்னாள். மறுபடி போட்டாள். அவள் மறுபடி சொன்னாள். எந்த எல்லை என்று அந்தப் பெண்ணிடம் கேட்க முடியாது.

காபிக்கடைக்காரர் ருஷேன்தான் எங்கள் ஊர்த் தலைவரும். காபி ஆறினாலும் ஊர்க்காரியம் ஆறக்கூடாது என்பவர். டவுன் போலீசுக்குப் போன் போட்டார். கடை முழுக்க ஆள் கூடிவிட்டது. அஸியே வயலிலிருந்து முளைக்குச்சியோடு வந்து நின்றாள்.

"பெத்த அப்பன் பிள்ளைங்களக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறது குத்தமான்னு கேக்கிறான்" என்று போனை வைத்தார் ருஷேன். "பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் போகலைன்னா அதுக்கு டீச்சர்தான் கேக்கணுமாம். சாயங்காலம் வரைக்கும் பாருங்கன்றான்."

"சாயங்காலத்துக்குள்ள அவன் செர்பியா தாண்டிருவான் அண்ணே" என்றாள் ஹத்தீஜே.

"என் அண்ணன் அப்படிப்பட்டவன் இல்ல" என்றாள் அஸியே. "மதினி, உனக்கு அவனப் பத்தித் தெரியாதா?"

"ஆறு வருஷத்துல மொத்தமே இருபது நாள் பாத்தேன் அஸியே. உனக்குத் தெரிஞ்சா நீ சொல்லு."

ருஷேன் இருவருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து நடந்தத ஒழுங்காச் சொல்லு. நீ என்ன கேட்ட?"

"என்னய விட்டுட்டு பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிருவியான்னு கேட்டேன்."

"அவன்?"

"தலைய ஆட்டினான்."

"எந்தப் பக்கம்?"

"இப்படியும் இப்படியும்."

"அப்ப அது ஆமான்னு ஆச்சே."

"நம்ம தலைக்கு ஆமா. அவன் தலைக்கு இல்ல" என்றான் சுவரோரம் நின்ற ஒருவன்.

"வேகமா ஆட்டினானா, மெதுவாவா? மெதுவான்னா பழைய தலை. முடி வெட்டினப்ப வேகமா ஆட்டினான், நானே பக்கத்துல இருந்தேன்" என்றான் இன்னொருவன்.

"மெதுவாத்தான்."

"ரெண்டு தரமா?"

"ரெண்டு தரம்."

கடையில் இருந்த ஆண்கள் எல்லாரும் ஆளாளுக்குத் தலையை ஆட்டிப் பார்த்தார்கள். ஒருவன் மெதுவாக, ஒருவன் வேகமாக, ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு. மற்ற நாளாக இருந்தால் அந்தக் காட்சிக்கு ஊரே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு தாயின் இரண்டு பிள்ளைகளும் ஒரு தலையாட்டலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிடுங்கிய நாற்று கூடையில் வாடிக்கொண்டிருந்தது. அஸியேதான் மெல்லச் சொன்னாள், "வா மதினி, நட்டுக்கிட்டே இருப்போம். சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிச்சிரும்." இரண்டு பேரும் மறுபடி சரிவேறினார்கள். அஸியே குத்தினாள், ஹத்தீஜே நட்டாள். ஒரு குழியில் இரண்டு நாற்று வைத்தாள். அடுத்த குழியில் ஒன்றுமே வைக்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றினாள். அஸியே அதைப் பார்த்தாள். திரும்பி வந்து தானே சரிசெய்துவிட்டுப் போனாள். மத்தியானத்துக்கு மேல் இடி இடித்து, பொடித் தூறல் போட்டது. இந்த மழைக்காக ஒரு வாரமாகக் காத்திருந்தாள் ஹத்தீஜே. அது வந்தபோது அவளுக்குத் தெரியவேயில்லை. பள்ளிக்கூடம் விட்டு மற்ற வீட்டுப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்தை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு சாலில் உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது மங்குகிற நேரத்தில் பாலத்தடியில் ஹாரன் சத்தம் கேட்டது. நீலக் கார் மேடேறி வந்து காபிக்கடை முன்னால் நின்றது.

ஹத்தீஜே எப்படி இறங்கி வந்தாள் என்று அஸியேவுக்கே தெரியாது. கார்க் கதவை இவள்தான் திறந்தாள். எல்மி பின் சீட்டில் தொப்பியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபெரத் விழித்திருந்தான். இருவரையும் ஒன்றாக இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். மண் கையால் ஃபெரத்தின் முகத்தைத் தடவித் தடவி முகமெல்லாம் சேறாக்கிவிட்டாள்.

சப்ரி இறங்கி நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"என்ன, ஊரே கூடியிருக்கு?"

"ஏன்டா, சொல்லிட்டுப் போகத் தெரியாதா உனக்கு?" என்றார் ருஷேன். "பெண்டாட்டி உசுரக் கையில புடிச்சுக்கிட்டுத் திரியிறா. போலீசு வரைக்கும் போயாச்சு."

"கடல் பாக்கப் போனோம். சொன்னா விடமாட்டா, நடவு இருக்கும்பா. அதான்."

"நேத்து பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிருவியான்னு கேட்டதுக்குத் தலைய இப்படி ஆட்டினியாமே?"

சப்ரி கொஞ்சம் யோசித்தான். பிறகு சிரித்தான். சிரிப்பு சற்றுத் தாமதமாக வந்தது.

"அது அங்கத்துப் பழக்கம் அண்ணே. இல்லைன்னு ஆட்டினேன்."

அவ்வளவுதான். காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த சிரிப்பெல்லாம் கடை வாசலில் கொட்டியது. "நான் அப்பவே சொன்னேன்" என்று சுவரோரத்து ஆள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டான். "மெதுவா ஆட்டினா பழைய தலையாம்ல" என்று இன்னொருவனைக் கேலி செய்தார்கள். அஸியே அண்ணன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்துவிட்டு அழுதாள்.

ருஷேன் குனிந்து ஃபெரத்தின் தாடையைப் பிடித்தார்.

"என்னடா, கடலப் பாத்தியா?"

ஃபெரத் அப்பாவைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

"போச்சுடா" என்றார் ருஷேன். "அப்பன் தலை மகனுக்கும் ஒட்டிக்கிச்சு."

ஊர் மறுபடி ஒரு பாட்டம் சிரித்தது. ஹத்தீஜேவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். கட்டினவனைப் பிள்ளைத் திருடன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தில் வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் அவரையை ஏற்றினாள். அவனுக்குப் பிடிக்கும் என்று முட்டையை உடைத்து, மிளகாய் வறுத்து, நல்ல பாலாடைக்கட்டியாகப் பார்த்து எடுத்துவைத்தாள். சப்ரி மேஜையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். ஃபெரத் எதிரில் உட்கார்ந்திருந்தான், தட்டைத் தொடவில்லை. களைப்பாக இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

உள்ளறையில் எல்மி கட்டில் விளிம்பில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஹத்தீஜே அவள் காலடியில் உட்கார்ந்து துணிச் செருப்பைக் கழற்றினாள். ஹத்தீஜே சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஒரு தரம் கடலுக்குப் போயிருக்கிறாள். வந்த பிறகு பல நாளைக்கு வீட்டில் மணல் கூட்டினார்கள். செருப்பில், காதில், பைத் தையலில் எல்லாம் மணல். அந்த நினைப்பில் கழற்றிய செருப்பை வாசலுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துத் தட்டினாள்.

ஒன்றும் விழவில்லை. இன்னொன்றையும் தட்டினாள். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். அடியில் தார் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

"அம்மா, கடல் ரொம்பப் பெருசு" என்றாள் எல்மி.

"அப்படியா தங்கம்?"

"ஆமா. எல்லாம் லாரி. ஒண்ணு பின்னால ஒண்ணா நிக்குது. எங்க பாத்தாலும் லாரி. நம்ம காரும் அதுல நின்னுச்சு."

ஹத்தீஜே செருப்போடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தண்ணி இருந்துச்சா எல்மி?"

"இருந்துச்சு. குழாய்ல. ஃபெரத் குடிச்சான்."

"அப்புறம்?"

"தொப்பி போட்ட மாமா வந்தாரு. அப்பாகிட்ட ஏதோ காகிதம் கேட்டாரு. அப்பா இறங்கிப் பேசினாரு, பேசினாரு, பேசிக்கிட்டே இருந்தாரு. அந்த மாமா என்னய எட்டிப் பாத்துட்டு, 'இவங்கம்மாவுக்குத் தெரியுமா'ன்னு அப்பாகிட்ட கேட்டாரு."

"அப்பா என்ன சொன்னாரு?"

எல்மி தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். அழுத்தமாக, மோவாய் நெஞ்சில் முட்டுகிற மாதிரி.

"இப்படிப் பண்ணாரு. உடனே அந்த மாமா, அப்ப வண்டியத் திருப்புன்னுட்டாரு. அப்பா இல்ல இல்லன்னு கத்தினாரு. மாமா கேக்கவே இல்ல. வர்ற வழியெல்லாம் அப்பா அழுதாரும்மா."

எல்லையில் நின்றவன் எங்கள் தேசத்துக்காரன், எங்கள் தலை உள்ளவன். தெரியும் என்று சப்ரி ஸ்பெயின் தலையால் பொய் சொல்லியிருக்கிறான். அந்தப் பொய், பார்த்தவனிடம் 'அம்மாவுக்குத் தெரியாது' என்ற உண்மையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தத் தலைதான் அவளுடைய பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருந்தது.

"யாராவது கேட்டா கடல் பாத்தோம்னு சொல்லணும்னாரு அப்பா" என்றாள் எல்மி. "நான் நெசமாவே பாத்தேன்ல? ஃபெரத்துதான் அது கடல் இல்லங்கிறான்."

அப்போதுதான் ஹத்தீஜேவுக்கு உறைத்தது. கடலப் பாத்தியா என்று ஊர்த் தலைவர் கேட்டபோது ஃபெரத் அப்பாவையும் பார்த்து அம்மாவையும் பார்த்து மேலும் கீழும் ஆட்டினானே. அவனுக்கு எந்தத் தலையும் ஒட்டவில்லை. எங்கள் மலையில் பிறந்த பிள்ளை எங்கள் மலைத் தலையால், பார்க்கவில்லை என்று ஊர் முழுக்கப் பார்க்க உண்மையைச் சொல்லியிருக்கிறான். ஊர் சிரித்தது. பெற்றவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தப் பிள்ளை அதற்குமேல் என்னதான் செய்வான்.

எல்மியைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டாள். செருப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சப்ரி ரொட்டியைப் பிய்த்து அவரையில் தோய்த்துக்கொண்டிருந்தான். ஃபெரத் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் செருப்பைச் சப்ரியின் தட்டுக்குப் பக்கத்தில், மேஜைமேலேயே வைத்தாள்.

"மணல் எங்க சப்ரி?"

அவன் செருப்பைப் பார்த்தான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

ஹத்தீஜே நடந்து போய் ஃபெரத்தின் பின்னால் நின்று அவன் இரண்டு தோளிலும் கை வைத்தாள். கூரையில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நட்டதெல்லாம் பிழைத்துவிடும்.

"நேத்து கேட்டத மறுபடி கேக்கிறேன்" என்றாள். "என்னய விட்டுட்டு பிள்ளைங்கள மட்டும் கூட்டிட்டுப் போயிருவியா? தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு."

ஃபெரத் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காதுக்கு மேல் வழித்துவிட்ட அந்தத் தலை எந்தப் பக்கமும் அசையவில்லை. வாயும் திறக்கவில்லை.